கடாரத்து அடுக்களையில் வார்ப்பிரும்பு: கெடாத் தமிழர் இல்லத்து இருப்புச்சட்டி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வரலாறு எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆவணக்காப்பகத்தையும் நாடுவது இயல்பு. அடுக்களையை நாடுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு மக்கள்கூட்டம் எங்கிருந்து வந்தது, யாரோடு கூடி வாழ்ந்தது, எவற்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டது என்னும் வினாக்களுக்கு அடுப்பின்மேல் இருக்கும் பாத்திரமும் ஒரு சான்றாகும். கெடா மாநிலத்துத் தமிழர் இல்லங்களில் இன்றும் அருகிக் காணப்படும் வார்ப்பிரும்புச் சட்டியை அவ்வகைச் சான்றாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அலோர் ஸ்டார் நகரைச் சார்ந்த மெர்கோங்கில், தோட்டத்திலிருந்து வெளியேறிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில் இக்கட்டுரையாளர் கண்ட சட்டியே இந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது. கருத்துப் பளபளத்த, இரு காதுகள் கொண்ட, கையால் தூக்கினால் கனக்கும் சட்டி அது. அவ்வீட்டு மூதாட்டியார், “இது ஊருச் சட்டி, தம்பி. எங்க மாமியாரு கப்பல்ல கொண்டாந்தது” என்றார். அவர் ‘ஊர்’ என்றது தமிழகத்தை. சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்புறத்தின் நடுவில் ஒரு தழும்பு தென்பட்டது. அத்தழும்பு கூறிய செய்தி வேறாக இருந்தது. மூதாட்டியாரின் நினைவுக்கும் சட்டியின் தழும்புக்கும் இடையிலான இம்முரணே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடாரம்: நாடும் கலமும்

கெடாவைப் பழந்தமிழ் மரபு கடாரம் என வழங்கியது. சோழர்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கடாரம், கிடாரம் என்னும் இரு வடிவங்களும் பயின்று வருகின்றன. கி.பி. 1025இல் முதலாம் இராசேந்திரன் மேற்கொண்ட கடற்படையெடுப்பால் இப்பெயர் தமிழ் வரலாற்றில் நிலைபெற்றது. அதற்கு முன்னரே பட்டினப்பாலை சுட்டும் காழகம் என்னும் நாட்டைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை விளக்குகிறது.

கடாரம், கிடாரம் ஆகிய இரு சொற்களும் தமிழில் பெரிய கொப்பரையையும் குறிக்கும். வடமொழியில் இந்நாட்டுக்கு வழங்கிய கடாஹ என்னும் பெயருக்கும் வாயகன்ற சமையற்கலம் என்னும் பொருள் உண்டு. இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் ‘கடாய்’ எனப்படும் பாத்திரப் பெயரும் அவ்வடசொல்லின் வழிவந்ததே. ஆகவே நாட்டின் பெயரும் சட்டியின் பெயரும் ஒரே ஒலியில் அமைந்துள்ளன. இந்த ஒலியொற்றுமையைக் கொண்டு சட்டியால் நாடு பெயர்பெற்றது எனத் துணிதல் கூடாது. அயல்நாட்டு இடப்பெயரைத் தமக்குப் பழகிய சொல்லின் வடிவில் கேட்டு வழங்குவது வணிகர் இயல்பு. மாணவர்க்கு இதனைச் சொல்லும் ஆசிரியர், ஒலியொற்றுமை வேறு, வரலாற்றுத் தொடர்பு வேறு என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நன்று.

சுங்கை பத்துவின் இரும்பு

இதே எச்சரிக்கை இரும்பைப் பற்றிய பேச்சிலும் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கைச் சார்ந்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வு மையம் 2009ஆம் ஆண்டு முதல் நிகழ்த்திய அகழாய்வுகள் பெரியதோர் இரும்புத் தொழிற்களத்தை வெளிக்கொணர்ந்தன. உலைகளின் எச்சங்கள், இரும்புக் கசடு, எண்ணிறந்த சுடுமண் துருத்திக் குழல்கள், செங்கற் கட்டடங்கள் ஆகியவை அங்குக் கிடைத்தன. கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டுகளில் இவ்விடத்தில் இரும்பு பெருமளவில் உருவாக்கப்பட்டது என்பது தெளிவு. தொடக்கத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் முன்னே கொண்டுசெல்லும் கருத்து அறிஞரிடையே இன்னும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.

இச்செய்தி பரவிய பின்னர், கெடாத் தமிழர் வீட்டு இருப்புச்சட்டி கடாரத்து இரும்பின் தொடர்ச்சி எனப் பெருமிதத்துடன் பேசும் வழக்கு மேடைகளில் தோன்றியுள்ளது. தொழில்நுட்பம் இக்கருத்துக்கு இடந்தரவில்லை. சுங்கை பத்துவின் உலைகள் இரும்பை நீராக உருக்கியவை அல்ல. தூய இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். துருத்தியால் ஊதப்படும் சிறிய உலையில் தாது உருகாமலேயே வினைபுரிந்து, கசடு கலந்த கட்டி இரும்பாகத் திரளும். அதனை மீண்டும் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்கினால் தேனிரும்பு கிடைக்கும். அது வளையும், கத்தியாகவும் கோடரியாகவும் ஆணியாகவும் உருப்பெறும். அச்சில் வார்த்துச் சட்டியாக்க இயலாது.

தமிழகத்து நிலையும் பெரிதும் இதுவே. 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலத்தைக் கி.மு. 4ஆம் ஆயிரமாண்டு வரை கொண்டுசெல்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்புத் தொழிற்கூடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. மூசையில் இட்டு உருக்கிய தென்னிந்திய எஃகு மேலை நாடுகள் வரை புகழ்பெற்றது. இவையனைத்தும் அடித்து உருவாக்கும் இரும்பின் மரபும் படைக்கலத்துக்கான எஃகின் மரபும் ஆகும். சமையற்கலத்தை இரும்பில் வார்க்கும் தொழில் அம்மரபில் வளரவில்லை. பழந்தமிழ் இல்லத்து இருப்புச்சட்டியும் தோசைக்கல்லும் கொல்லன் அடித்துத் தந்தவை. வார்க்கப்பட்டவை வெண்கலமும் பித்தளையும்.

வார்ப்பிரும்பு வந்த வழி

இரும்பில் 2 முதல் 4 விழுக்காடு வரை கரி சேருமாயின் அதன் உருகுநிலை 1200 பாகையை ஒட்டிக் குறைந்துவிடும். அப்பொழுது அதனைக் குழம்பாக உருக்கி அச்சில் ஊற்றலாம். இந்நுட்பத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே கைவரப்பெற்றவர் சீனர். ஐரோப்பாவில் அது பரவுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு.

சீனரின் வார்ப்பிரும்புக் கலங்கள் தென்கிழக்காசியக் கடல்வழி வணிகத்தில் இடம்பெற்றமைக்கு நேர்ச்சான்று உள்ளது. சாவகக் கடலில் மூழ்கி 1996இல் அகழப்பட்ட மரக்கலம் ஒன்று சீன மட்பாண்டங்களுடன் ஏறத்தாழ 200 டன் இரும்பையும் ஏற்றிச் சென்றது. அச்சரக்கில் தேனிரும்புப் பாளங்களும் வார்ப்பிரும்புச் சட்டிகளும் இருந்தன. முதலில் 13ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்பட்ட அக்கலம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்ததாகலாம் என 2018இல் வெளிவந்த மறுஆய்வு கூறுகிறது. பிற்காலத்தில் குவாங்டோங் மாநிலத்துப் போசான் நகரம் மெல்லிய வார்ப்பிரும்புச் சட்டிகளுக்குப் பெயர்பெற்றது. அயல்நாட்டுக் கப்பல்கள் அவற்றை மிகுதியாக வாங்கிச் சென்றதால் 1731இல் சீனப் பேரரசு அவ்வேற்றுமதிக்குத் தடை விதிக்க நேர்ந்தது. சட்டி இரும்பாகவும் பயன்படும், இரும்பு படைக்கலமாகவும் மாறும் என்னும் அச்சமே அத்தடைக்குக் காரணம்.

மேலை நாட்டு மரபு தனியாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1709இல் நிலக்கரிச் சுட்டகரியைக் கொண்டு இரும்பு உருக்கினார். தமிழகத்தில் பேருலை அமைத்து இரும்பை நீராக உருக்கும் முயற்சி 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் யோசையா மார்சல் ஹீத் என்பவரால் தொடங்கப்பட்டது. சேலத்துத் தாதுவையும் விறகுக்கரியையும் நம்பிய அவ்வாலை நிலைக்கவில்லை. ஆயினும் வார்ப்பிரும்பு தமிழகத்தில் எவ்வளவு அண்மைக்காலத்தது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஆகவே கெடாத் தமிழர் அடுக்களையில் மூன்று இரும்பு மரபுகள் சந்திக்க வாய்ப்புண்டு. கொல்லன் அடித்த தமிழகத்து இரும்பு ஒன்று; சீனர் வார்த்த சட்டி மற்றொன்று; ஆலைகளில் மணல் அச்சில் வார்க்கும் மேலை முறையில் அமைந்த கலம் மூன்றாவது. கையிலுள்ள சட்டி இவற்றுள் எதனைச் சார்ந்தது என்பதைச் சட்டியே சொல்ல வேண்டும்.

தோட்டத்து அடுக்களை

1909இல் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமிய மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் மேற்பார்வைக்கு மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் அதுவே. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களின் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கு வழியாக வந்து சேர்ந்தனர். கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறை தளர்ந்து, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இவ்வருகை தொடர்ந்தது.

கப்பலேறிய தொழிலாளியின் மூட்டையில் எவ்வளவு இரும்பு இடம்பெற்றிருக்கும் என்பது எண்ணத்தக்கது. தகடாக அடித்த தோசைக்கல் மூட்டையின் அடியில் அடங்கும். கனத்த வார்ப்புச் சட்டியைச் சுமந்துவருவது அரிது. தோட்டத்துக்கு வந்தபின் தேவைப்பட்ட பாத்திரங்களை அருகிலிருந்த சிறு நகரத்துச் சீனர் மளிகைக்கடையில் வாங்கினர். அரிசியும் உப்புக்கருவாடும் மண்ணெண்ணெயும் கடனுக்குத் தந்த கடையிலேயே ‘குவாலி’யும் தொங்கியது. லயத்து வீட்டின் விறகடுப்பில் ரப்பர் மர விறகின் கடுந்தீயைத் தாங்குவதற்கு அது ஏற்றதாகவும் இருந்தது. மலாய்ச் சொல்லான குவாலி, மலேசியத் தமிழரின் அன்றாடப் பேச்சில் வாணலியை ஏறத்தாழ வெளியேற்றிவிட்டமை இவ்வரலாற்றின் மொழிச்சான்றாகும். தோசைக்கல் தன் தமிழ்ப்பெயரை விடவில்லை. தோசை தன் பெயரை மலாய்மொழிக்கே தந்தது. சட்டி மட்டும் பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறாத பொருள் ஊரிலிருந்து வந்தது, பெயர் மாறிய பொருள் இங்குக் கிடைத்தது என்பதை ஒரு பொதுவிதியாகக் கொள்ள இயலாவிடினும், இவ்விடத்தில் அது பொருந்துகிறது.

சட்டியைப் படிக்கும் முறை

அடித்த இரும்பையும் வார்த்த இரும்பையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. அடித்த கலத்தில் சம்மட்டியின் சிறுகுழிகள் தெரியும். பிடி தனியே செய்து தறையப்பட்டிருக்கும். கீழே விழுந்தால் நெளியும். வார்த்த கலத்தில் காது உடலோடு ஒன்றாகவே அமைந்திருக்கும். மேற்பரப்பில் மணலின் சொரசொரப்பு இருக்கும். விழுந்தால் விரிசல் விடும் அல்லது உடையும். சீன மரபுச் சட்டியின் அடிப்புறத்து நடுவில், உருகிய இரும்பை ஊற்றிய வாயின் தழும்பு எஞ்சும். மெர்கோங் வீட்டுச் சட்டியில் இருந்தது அதுவே. மாமியார் கப்பலில் கொண்டுவந்தது என்று நினைக்கப்பட்ட சட்டி, தோட்டத்துப் பக்கம் இருந்த சீனர் கடையில் வாங்கப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி.

இந்த அறிகுறிகள் இன்று புதிதாக வாங்குவோர்க்கும் பயன்படும். தட்டினால் மணியோசைபோல் சீராக ஒலிப்பது விரிசலற்ற கலம். அடைத்த ஓசை எழுப்புவதை விலக்குதல் நன்று. சுவரின் கனம் எங்கும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் ஓரிடம் கருகும், ஓரிடம் வேகாது. வார்ப்பிரும்பு அலுமினியத்தைப்போல் விரைந்து வெப்பத்தைக் கடத்தாது. ஆனால் ஏற்ற வெப்பத்தை நெடுநேரம் தாங்கி நிற்கும். ஆதலால் தோசை, அடை, பணியாரம், வறுவல் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. நாள்தோறும் ஒருகையால் தூக்கிக் கவிழ்க்கும் வேலைக்கு மெல்லிய அடித்த சட்டியே தகும். எரிவாயு அடுப்பில் சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். சூடான கலத்தில் குளிர்நீர் ஊற்றினால் அது வெடிக்கும். தூண்டல் அடுப்பிலும் வார்ப்பிரும்பு இயங்கும். அடி தட்டையாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பழக்குதல்

தமிழில் புதுச்சட்டியைப் ‘பழக்குதல்’ என்பர். விலங்குக்கும் குழந்தைக்கும் வழங்கும் சொல்லைச் சட்டிக்கும் வழங்கியமை எண்ணத்தக்கது. எண்ணெயை மெல்லியதாகப் பூசிச் சூடேற்றும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இரும்பின்மேல் கடினமான படலமாக இறுகுகின்றன. அப்படலமே துருவைத் தடுத்து, உணவு ஒட்டாமலும் காக்கிறது. எண்ணெயைத் தடிமனாகப் பூசினால் படலம் பிசுபிசுக்கும். மிக மெல்லிய பூச்சைப் பலமுறை காய்ச்சுவதே முறை.

தமிழகத்து வழக்கில் புதுச்சட்டியை வடிகஞ்சியில் சில நாள் ஊறவைத்து, கழுவி உலர்த்தி, நல்லெண்ணெய் தடவுவர். தோசைக்கல்லில் பாதியாக அரிந்த வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பர். மலாய்க்காரர் வழக்கு வேறு: பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைப் புதுக்குவாலியில் கருகும்வரை வறுத்துக் கொட்டுவர். சக்கை இரும்பின் துகளையும் மாசையும் வாங்கிக்கொள்ள, எஞ்சிய எண்ணெய் சட்டியில் படியும். மெர்கோங் மூதாட்டியாரிடம் சட்டியை எவ்வாறு பழக்கினர் என வினவியபோது அவர் இரண்டையும் கூறினார்: முதல் மூன்று நாள் கஞ்சித்தண்ணீர், நான்காம் நாள் தேங்காய்ச் சக்கை. இரண்டாவதை யாரிடம் கற்றார் என்பது அவர் நினைவில் இல்லை. தம் மாமியார் அவ்வாறு செய்யக் கண்டதாகவே சொன்னார். சட்டி எங்கிருந்து வந்தது என்பதில் தவறிய நினைவு, செய்முறையில் உண்மையைக் காத்து வைத்திருந்தது. சீனர் வார்த்த சட்டியை, தமிழகத்துக் கஞ்சியாலும் மலாய் வீட்டுத் தேங்காய்ச் சக்கையாலும் பழக்கியிருக்கிறார்கள். தோட்ட வாழ்க்கை எத்தகைய கூட்டு வாழ்க்கையாக இருந்தது என்பதற்கு இதனினும் நேரிய ஆவணம் கிடைப்பது அரிது.

உணவும் உடலும்

புளிக்குழம்பை இருப்புச்சட்டியில் வைக்கலாகாது எனவும் மண்சட்டியே ஏற்றது எனவும் முதியோர் கூறுவதற்குக் காரணம் உண்டு. புளியின் அமிலம் படலத்தைக் கரைத்து இரும்பை உணவில் கலக்கும். குழம்பு கறுத்து இரும்புச்சுவை ஏறும். கத்தரியும் வாழைப்பூவும் கறுப்பது அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடுவதால். சமைத்ததை இரவு முழுதும் அச்சட்டியிலேயே விட்டுவைப்பதும் இதனால் ஆகாது.

எனினும் உணவில் கலக்கும் சிறிதளவு இரும்பு உடலுக்கு நலம் தருவதும் உண்டு. எத்தியோப்பியாவில் நிகழ்ந்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரும்புப் பானையில் சமைத்த உணவை உண்ட சிறுவர்களின் குருதிச் சிவப்பணு நிறமி, அலுமினியப் பாத்திர உணவை உண்டவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் மக்களின் குருதியைக் குன்றச் செய்தன என்பதை நினைத்தால், இருப்புச்சட்டி அலுமினியத்துக்கு வழிவிட்டது வெறும் பாத்திர மாற்றமாகத் தோன்றாது. இதனை மருந்தாகக் கொள்வதும் தவறு. தலசீமியா போன்ற குருதிக்குறை உடையோர்க்கு உடலில் இரும்பு மிகுவதே தீங்காகலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துதல் வேண்டும்.

முடிவுரை

1950களிலும் 60களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், அதன்பின் வந்த செம்பனைப் பயிர்மாற்றமும் நகர் வளர்ச்சியும் கெடாத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்களை நகர்ப்புறத்துக்கு நகர்த்தின. லயத்து வீடு போயிற்று, விறகடுப்பு போயிற்று. சிறிய வீட்டுக்கு வந்த கனத்த சட்டி, பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் கிலோக் கணக்கில் ஏறியது. மெர்கோங் வீட்டுச் சட்டியும் அவ்வாறு விலைபோகவிருந்ததாக மருமகள் சொன்னார். பேத்தி வலைத்தளத்தில் வார்ப்பிரும்பின் விலையைக் கண்டு தடுத்துவிட்டாள். பழையதை விற்றுப் புதியதை அதிக விலைக்கு வாங்கும் நிலை நம் அடுக்களைகளுக்கு வந்துள்ளது.

சுங்கை பத்துவின் உலைகளோடும் சோழரின் கப்பல்களோடும் நம் சட்டியைப் பிணைத்துப் பேசுவது எளிது. அப்பெருமிதத்துக்குச் சட்டியின் தழும்பு துணைநிற்கவில்லை. அது சொல்லும் வரலாறு வேறு: பேரரசரின் வரலாறன்று, கடன்சீட்டோடு சீனர் கடைக்குச் சென்று ஒரு குவாலி வாங்கி வந்து, பக்கத்து வீட்டாரிடம் கேட்டு அதைப் பழக்கிய பெண்ணின் வரலாறு. அவளுக்குக் கல்வெட்டு இல்லை. அவள் கைப்பட்ட சட்டி இருக்கிறது.

நம் தமிழாசிரியர்கள் இரும்பும் சட்டியும் புணர்ந்து இருப்புச்சட்டி ஆவதை மென்றொடர் வன்றொடராகும் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கின்றனர். தோசையையும் ‘வார்க்கிறோம்’, இரும்பையும் ‘வார்க்கிறோம்’ என ஒரே வினைச்சொல் வழங்குவதையும் மாணவர்க்குச் சுட்டலாம். அத்துடன் ஒரு பயிற்சியையும் சேர்க்கலாம்: ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பழஞ்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, தழும்பைக் குறித்து, அது யாரால் எப்பொழுது எங்கு வாங்கப்பட்டது என வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதிவரட்டும். நினைவும் தழும்பும் மாறுபடும் இடங்களை அழிக்காமல் அப்படியே பதிவு செய்தல் வேண்டும். தோட்டத்துத் தலைமுறையைக் கண்டு கேட்கும் வாய்ப்பு நாள்தோறும் குறைந்துவருவதால், இப்பணி இப்பொழுதே செய்யத்தக்கது.